எல்லா அலர்ட்டும் ஒரே சேனலில் விழுகிறது. எப்படிப் பிரித்து, யாருக்கு அனுப்புவது?

இலந்தைக்குளம் | திங்கள், இரவு 9.40

வணக்கம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளரின் சர்வரைப் பார்த்துக்கொள்கிற பலர் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

எங்களிடம் பேமெண்ட், ஆர்டர், டேட்டா, பிளாட்ஃபார்ம் என்று நான்கு டீம். கண்காணித்து அலர்ட்டை எழுப்பப் புரோமிதியஸ், அதை உரிய இடத்துக்கு அனுப்ப அலர்ட்மேனேஜர். வருகிற அலர்ட் எல்லாமே ஒரே ஸ்லாக் சேனலில் விழுகிறது. டிஸ்க் 80 சதவீதம், பாட் ரீஸ்டார்ட், சர்டிஃபிகேட் காலாவதி, பேமெண்ட் தோல்வி எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே வரிசை. வாரத்துக்கு ஒருவர் ஆன்கால், அதாவது அந்த வாரம் இரவும் பகலும் அலர்ட்டைக் கவனிக்கிற முறை அவருடையது. நான்கு டீம் அலர்ட்டையும் அவர் ஒருவரே பார்க்க வேண்டும். ஆர்டர் டீம்காரருக்கு டேட்டா பைப்லைனைப் பற்றி என்ன தெரியும்? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால், யாரை எழுப்புவது என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது.

சமீபத்தில் பேமெண்ட் தோல்வி அலர்ட் சரியான நேரத்துக்கு வந்தது. ஆனால் மேலும் கீழும் டிஸ்க் அலர்ட்டாகக் குவிந்து கிடந்ததில் அது யார் கண்ணிலும் படவில்லை. வாடிக்கையாளர் போன் செய்துதான் விஷயமே தெரிந்தது. மறுநாள் மேலிடத்திலிருந்து, எல்லாரும் சேனலைக் கவனமாகப் பாருங்கள் என்று மெயில் வந்தது. எத்தனை கவனமாக இருந்தாலும் இந்தச் சேனலை ஒரு மனிதரால் பார்க்க முடியாது.

சர்வீஸ் வாரியாகவா, தீவிரத்தை வைத்தா, டீம் வாரியாகவா, எதை வைத்துப் பிரிப்பது?


நாகமலை | திங்கள், இரவு 10.15

தம்பி, முதலில் டீம் வாரியாகப் பிரியுங்கள். தீவிரம் அதற்கு அடுத்த படி.

அலர்ட்மேனேஜரில் ரவுட்டிங், அதாவது எந்த அலர்ட் யாருக்குப் போகும் என்ற வழி, ஒரு மரம். மேலே இருக்கிற மூல ரூட்டுக்கு எல்லா அலர்ட்டும் வந்தாக வேண்டும். அதற்குக் கீழே கிளைகள். மேலிருந்து கீழே ஒவ்வொரு கிளையாகப் பார்த்து, முதலில் எது பொருந்துகிறதோ அங்கேயே நின்றுவிடும். அடுத்த கிளையையும் பார்க்க வேண்டுமென்றால் "கன்டினியூ" என்பதை நாமே ட்ரூ ஆக்க வேண்டும். நிறையப் பேர் இதை மறந்துவிட்டு, கீழே எழுதிய கிளைக்கு ஏன் எதுவும் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

கிளையை எதை வைத்துப் பொருத்துவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அலர்ட் பெயரில் ரெஜெக்ஸ் வைத்துப் பிரிக்கிற கான்ஃபிக்கை நிறையப் பார்த்திருக்கிறேன். "பேமெண்ட்" என்று தொடங்கினால் இவர்கள், "ஆர்டர்" என்று தொடங்கினால் அவர்கள். யாராவது சர்வீஸ் பெயரை மாற்றிய அன்றைக்கு அந்த அலர்ட் சத்தமில்லாமல் வேறு எங்கோ போய்விடும். போனது யாருக்கும் தெரியாது.

அதனால், எப்போது அலர்ட் எழ வேண்டும் என்று எழுதுகிற அலர்ட் விதியிலேயே "டீம்" என்று ஒரு லேபிள் போடுங்கள். விதியை எழுதுகிறவருக்குத்தான் அது யாருடையது என்று தெரியும். அப்புறம் மரத்தில் டீமுக்கு ஒரு கிளை போதும். டீம் லேபிள் இல்லாத விதி கிட்டுக்கு (கோடு சேமிக்கிற இடம்) வந்தால் சிஐ (தானாக ஓடுகிற சோதனை) அதைத் திருப்பி அனுப்பட்டும், சின்ன ஸ்கிரிப்ட்தான். அலர்ட்மேனேஜரோடு வருகிற ஆம்டூலில் ரூட் சோதனைக்கு ஒரு கட்டளை இருக்கிறது. லேபிள்களைக் கொடுத்தால் அந்த அலர்ட் எந்த ரிசீவருக்குப் போகும் என்று சொல்லிவிடும். மரத்தில் கை வைக்கிற ஒவ்வொரு முறையும் சிஐயில் அதையும் ஓட்டுங்கள்.

வெளியிலிருந்து எடுத்த விதிகளில், கன்டெய்னர்களை ஓட்டுகிற குபர்நெடிஸுக்குச் சமூகம் எழுதிவைத்த தொகுப்பு மாதிரியானவற்றில், சிவியாரிட்டி (தீவிரம்) லேபிள் இருக்கும், டீம் இருக்காது. அதற்காக அந்த விதிகளைத் திருத்தப் போகாதீர்கள், அடுத்த அப்டேட்டில் திருத்தமெல்லாம் போய்விடும். புரோமிதியஸில் அலர்ட் ரீலேபிள் என்ற பகுதியில், இந்த நேம்ஸ்பேஸ் (குபர்நெடிஸில் சர்வீஸ்களைப் பிரித்து வைக்கிற பகுதி) என்றால் இந்த டீம் என்று எழுதிவிட்டால், அலர்ட்மேனேஜருக்குக் கிளம்பும் முன்பே லேபிள் ஒட்டிக்கொள்ளும்.


தெப்பக்குளம் | திங்கள், இரவு 10.50

நாகமலை அண்ணன் சொன்னதோடு தீவிரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு டீமுக்கு லீட், வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. ராத்திரி போன் அடித்தால் என்னோடு சேர்ந்து அவனும் எழுந்துவிடுவான். அதனால் எந்த அலர்ட்டுக்குப் போன் அடிக்கலாம் என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு.

கிரிட்டிக்கல், மேஜர், மைனர், வார்னிங், இன்ஃபோ என்று ஐந்து நிலை வைத்தால், அதற்கு ஐந்து விதமாக யாரும் நடந்துகொள்ளப் போவதில்லை. இரண்டு போதும். ஒன்று, போன் அடிப்பது. இன்னொன்று, டிக்கெட்டாகக் காத்திருந்து காலையில் பார்ப்பது. எது எதில் சேரும் என்பதற்கு ஒரே கேள்விதான்: காலை வரை விட்டால் வாடிக்கையாளருக்குப் பாதிப்பு உண்டா? சிபியு 90 சதவீதம் என்பது போன் அடிக்கிற காரணம் ஆகாது. பணம் கட்டுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தோல்வி என்றால் அது காரணம். சிபியு உயர்ந்தது அந்தத் தோல்விக்குக் காரணமாக இருந்தால், எழுந்தபிறகு டேஷ்போர்டில் பார்த்துக்கொள்ளலாம்.

விதியில் "ஃபார்" என்ற காலத்தையும், அதாவது நிலைமை எவ்வளவு நேரம் நீடித்தால் அலர்ட் எழும் என்பதையும், சும்மா விடாதீர்கள். ஒரு நிமிடம் எகிறி இறங்குகிறதற்கெல்லாம் ஆளை எழுப்பக் கூடாது.

அப்புறம், செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பது. எங்களுக்கு முன்பு இப்படித்தான் வரும்: "எச்சரிக்கை: பிழை விகிதம் அதிகம், மதிப்பு 0.0731." தூக்கக் கலக்கத்தில் இதை வைத்து என்ன செய்வது? இப்போது வருவது: "பேமெண்ட்: கடந்த 10 நிமிடத்தில் 7 சதவீதப் பரிவர்த்தனை தோல்வி. கடைசி டெப்ளாய் இரவு 11.20. முதலில் வங்கி கேட்வே பக்கத்தைப் பாருங்கள், அது பச்சையாக இருந்தால் டெப்ளாயைத் திரும்ப எடுங்கள்." (டெப்ளாய் என்பது புதுக் கோடைச் சர்வரில் ஏற்றுவது.) கூடவே ரன்புக் (என்ன செய்ய வேண்டும் என்ற படிப்படியான குறிப்பு) இணைப்பு. சரியான ஆளுக்கு அனுப்பினால் மட்டும் போதாது, அவர் கையில் என்ன கொடுக்கிறோம் என்பதும் இருக்கிறது.


மேலூர்க்காரன் | செவ்வாய், காலை 7.05

நான் டேட்டாபேஸ் பார்க்கிறவன். டீம் லேபிள் என்று சொல்லிவிட்டீர்கள், நல்லது. ஆனால் டேட்டாபேஸ் என்று வாசம் வந்தாலே எல்லா விதியிலும் எங்கள் பெயரை எழுதிவிடுகிறார்களே, அதற்கு என்ன வழி?

ஒரு உதாரணம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் மொத்தக் கனெக்ஷன் வரம்பு, மாற்றாமல் விட்டால் 100. ஆர்டர் சர்வீஸில் புது டெப்ளாய் போகிறது, கனெக்ஷனைத் திறந்து மூடாமல் விடுகிறது, நூறும் தீர்ந்துவிடுகிறது. எனக்குப் போன். எழுந்து பார்க்கிறேன். தொண்ணூற்றுச் சொச்சம் கனெக்ஷன் ஆர்டர் சர்வீஸிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது. அவற்றைக் கொல்லலாம், ஐந்து நிமிடத்தில் மறுபடி நிறைந்துவிடும். டெப்ளாயைத் திரும்ப எடுக்க எனக்கு அனுமதி கிடையாது. கடைசியில் ஆர்டர் டீமில் யார் விழித்திருக்கிறார்கள் என்று நான் தேடுகிறேன். இது யாருடைய அலர்ட்?


நாகமலை | செவ்வாய், காலை 7.30

ஆர்டர் டீமுடையது. சந்தேகமே வேண்டாம்.

கோளாறு எந்தப் பெட்டியில் தெரிகிறது என்பதை வைத்து டீம் லேபிள் போடக் கூடாது. அந்த நேரத்தில் யாரால் கை வைத்துச் சரிசெய்ய முடியும் என்பதை வைத்துப் போட வேண்டும். நீங்கள் சொன்ன அலர்ட்டை இரண்டாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு சர்வீஸும் தன் கனெக்ஷன் பூலை (டேட்டாபேஸுக்குத் திறந்து வைத்திருக்கிற கனெக்ஷன்களின் தொகுப்பை) தானே அளந்து சொல்லட்டும், அது 90 சதவீதம் தாண்டினால் அந்த சர்வீஸின் டீமுக்குப் போன். ரெப்ளிகேஷன் (நகல் டேட்டாபேஸ்) பின்தங்குவது, டேட்டாபேஸ் டிஸ்க் நிறைவது, பேக்கப் தவறுவது, இவை உங்களுக்கு. உங்களால் மட்டுமே முடிகிற வேலை உங்களுக்கு வரட்டும்.

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் போய் நின்றுகொண்டு கோயம்புத்தூர் வண்டியைத் தேடினால் என்ன ஆகும்? அங்கே எத்தனை வண்டி நின்றாலும் அந்த ஆளுக்குப் பயனில்லை, ஆரப்பாளையம் போக வேண்டும். தப்பான டீமுக்குப் போன அலர்ட்டும் அப்படித்தான். அது வந்து சேர்ந்துவிட்டது என்று கணக்கில் இருக்கும், ஆனால் ஒரு வேலையும் நகர்ந்திருக்காது.


தெப்பக்குளம் | செவ்வாய், காலை 8.10

இந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் அண்ணே. பேமெண்ட் மாதிரிப் பணம் சம்பந்தப்பட்ட சர்வீஸில் ஆப் டீம், டேட்டாபேஸ் டீம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போன் போகட்டும் என்பேன். ஒருவர் எழுந்து பார்த்து அடுத்தவரை எழுப்புவதற்குள் இருபது நிமிடம் போய்விடும்.


நாகமலை | செவ்வாய், காலை 8.25

இரண்டு பேருக்கு அடித்தால் இரண்டு பேரும் அடுத்தவர் எடுத்திருப்பார் என்று படுத்துக்கொள்கிற ஆபத்து இருக்கிறது அக்கா. முதல் ஆள் ஒருவர்தான். அவர் ஐந்து நிமிடத்தில் ஏற்கவில்லை என்றால் இரண்டாம் ஆளுக்கு, அவரும் இல்லை என்றால் லீடுக்கு. ஏற்றவர் வேண்டுமென்றால் ஒரே பட்டனில் டேட்டாபேஸ் ஆன்காலைக் கூப்பிட வசதி இருக்கட்டும், யார் பெயர் என்று தேட வேண்டியதில்லை. இருபது நிமிடம் போவது தேடுவதால்தானே?


தெப்பக்குளம் | செவ்வாய், காலை 8.40

மற்ற சர்வீஸுக்கு ஒத்துக்கொள்கிறேன். பேமெண்டுக்கு எங்களிடம் இரண்டு பேருக்கும்தான் அடிக்கும், அதை மாற்றுவதாக இல்லை. ஆனால் யார் பொறுப்பு என்பது முன்பே எழுதப்பட்டிருக்கிறது. பேமெண்ட் ஆள்தான் முதல் பொறுப்பு, டேட்டாபேஸ் ஆள் துணை.


ஒத்தக்கடை | செவ்வாய், பகல் 1.20

எல்லாம் சரி. எங்கள் கடையில் மொத்தமே மூன்று இன்ஜினியர். டீம் லேபிள் போட்டாலும் மூன்று பெயரும் நாங்கள்தான். கூகுளின் எஸ்.ஆர்.இ (சர்வீஸ்கள் நிற்காமல் பார்த்துக்கொள்கிற) குழுவினர் 2016-ல் வெளியிட்ட புத்தகத்தில், ஒரே ஊரிலிருந்து இருபத்துநாலு மணி நேர ஆன்கால் பார்க்கக் குறைந்தது 8 பேர் வேண்டும் என்றும், 12 மணி நேர ஷிஃப்டுக்கு இரண்டு சம்பவத்துக்கு மேல் கூடாது என்றும் போட்டிருக்கிறது. எட்டுப் பேருக்கு நாங்கள் எங்கே போவது?

நாங்கள் கண்ட வழி ஒன்று உண்டு, சின்ன டீம்களுக்குப் பயன்படலாம். எங்கள் வாடிக்கையாளர் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை. நம் இரவு 10 மணி அவர்களுக்குக் கோடையில் பகல் 12.30. நம் காலை 6 மணி அவர்களுக்கு இரவு 8.30. நாம் அடித்துப்பிடித்து எழுகிற நேரமெல்லாம் அவர்கள் விழித்திருக்கிற நேரம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இதைப் பேசினோம். அந்த எட்டு மணி நேரம் முதல் போன் அவர்கள் ஆளுக்கு, அவர் கூப்பிட்டால்தான் எங்களுக்கு. ரன்புக்கை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். தொழில்நுட்பத்தில் இது ஒரே ஒரு ரவுட்டிங் மாற்றம், ஆனால் அதைக் கேட்டு வாங்குவதற்குத்தான் துணிச்சல் வேண்டும். கேளுங்கள், தப்பில்லை.

கான்ஃபிக்கில் மட்டும் கவனம். அலர்ட்மேனேஜரின் நேர இடைவெளி, நேர மண்டலத்தைச் சொல்லாவிட்டால் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். 22:00 முதல் என்று எழுதிவிட்டு ஊரைக் குறிப்பிட மறந்தால் நம் அதிகாலை 3.30-க்குத்தான் அது தொடங்கும். ஏசியா/கொல்கத்தா என்று போட்டே ஆக வேண்டும். நள்ளிரவைத் தாண்டுகிற இடைவெளியையும் ஒரே வரியில் எழுத முடியாது, தொடக்கம் முடிவை விட முந்தி இருக்க வேண்டும். 22:00 முதல் 24:00, 00:00 முதல் 06:00 என்று இரண்டாக உடையுங்கள். மூல ரூட்டில் இதைப் போட முடியாது, கிளையில்தான்.


பரவை | செவ்வாய், மாலை 6.30

வேலையில் சேர்ந்து முதல் முறை ஆன்காலில் பெயர் வந்திருக்கிறது. அண்ணன்மார்களே, அக்காமார்களே, போன் விஷயத்தில் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்? ராத்திரி தூங்கிவிட்டால் என்ற பயம் இருக்கிறது.


தெப்பக்குளம் | செவ்வாய், இரவு 7.15

பயப்படாதே தம்பி, இரண்டாம் ஆள் இருக்கிறார், அதற்குத்தான் எஸ்கலேஷன்.

ஆப் நோட்டிஃபிகேஷனை மட்டும் நம்பாதே, போன் கால் வருகிற மாதிரி வை. அலர்ட்டுக்குப் போன் அடிக்கிற பேஜர் சேவைகள் பெரும்பாலும் வெளிநாட்டு எண்ணிலிருந்து கூப்பிடும், நம் போன் அதை ஸ்பேம் என்று ஒதுக்கிவிடும். அந்தச் சேவையே தன் எண்களைக் காண்டாக்ட் ஃபைலாகத் தரும், அதைச் சேமித்து ஸ்டார் போட்டு, டு நாட் டிஸ்டர்பில் அந்தக் காண்டாக்டுக்கு மட்டும் விலக்கு கொடு. ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைக் கொன்றுவிடாமல் அனுமதி கொடு. எல்லாம் முடிந்ததும், டு நாட் டிஸ்டர்ப் ஆன் செய்து, பக்கத்து அறையில் போனை வைத்து, ஒரு சோதனை அலர்ட் அனுப்பிப் பார்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கிடையாது, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ரோட்டாவில் (ஆன்கால் முறைப்பட்டியல்) ஓவர்ரைடு போட்டு வேறொருவர் பெயரை வை. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டு வா.


ஒத்தக்கடை | செவ்வாய், இரவு 8.00

அக்கா சொன்னதோடு சேர்த்து: சித்திரைத் திருவிழா வாரத்தில் ரோட்டா போடும்போது யார் வீடு எங்கே என்று பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்தில் சிக்னல் கட்டை முழுதாகக் காட்டினாலும் கால் சேராது. எதிர்சேவைக்குப் போகிறவரை ஆன்காலில் வைக்காதீர்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு எந்தப் பகுதி என்று பேப்பரில் வந்துவிடும், அதையும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.


இலந்தைக்குளம் | புதன், இரவு 9.10

இரண்டு நாளாக உட்கார்ந்து டீம் லேபிள் போட ஆரம்பித்துவிட்டோம். மூன்று சந்தேகம். யாருடையது என்றே தெரியாத அலர்ட்டுகள் கணிசமாக இருக்கின்றன, அவற்றைப் பொதுச் சேனலில் விடலாமா? டீமுக்கு ஒரு குரூப்பாக அலர்ட்டுகளைக் கட்டி அனுப்பலாமா? ஆன்கால் முறை வைத்துப் போன் அடிக்க எந்தக் கருவி வாங்குவது? ஆப்ஸ்ஜீனியைச் சிலர் சொல்கிறார்கள்.


நாகமலை | புதன், இரவு 10.00

பொதுச் சேனலில் விடாதீர்கள். எந்த இடத்திலிருந்து வெளியே வர நினைக்கிறீர்களோ அங்கேயே போய் நிற்பீர்கள். மூல ரூட்டின் ரிசீவர் ஒரு மனிதராக இருக்கட்டும். பிளாட்ஃபார்ம் லீட் என்றால் பிளாட்ஃபார்ம் லீட், பெயரோடு. உரிமையாளர் இல்லாத அலர்ட் ஒவ்வொன்றும் அவருக்கு டிக்கெட்டாகப் போகும். வாரம் ஒருமுறை நான்கு லீடும் அதைப் பார்த்து, ஒன்று யாராவது ஏற்க வேண்டும், இல்லையென்றால் அந்த விதியை அழிக்க வேண்டும். மூன்றாவது வழி கொடுக்காதீர்கள். யாரும் ஏற்க விரும்பாத அலர்ட் யாருக்கும் தேவைப்படாத அலர்ட்டாகத்தான் இருக்கும்.

குரூப்பை டீம் லேபிளை மட்டும் வைத்துக் கட்டாதீர்கள். புது குரூப்புக்கு இயல்பாக 30 விநாடி காத்திருந்து முதல் செய்தி போகும். அதே குரூப்பில் அப்புறம் வந்து சேருகிற அலர்ட் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும், அது 5 நிமிடம் வரை ஆகலாம். ஏற்கெனவே ஒரு டிஸ்க் அலர்ட் எரிந்துகொண்டிருந்தால் (எழுந்து, இன்னும் தீராமல் இருந்தால்) பேமெண்ட் தோல்வி அதன் பின்னால் வரிசையில் நிற்கும். டீமோடு அலர்ட் பெயரையும் கிளஸ்டரையும் (சர்வர் தொகுதி) சேர்த்துக் கட்டுங்கள். மறுபடி நினைவூட்டுவது இயல்பாக 4 மணி நேரம், அதை விட்டுவிடலாம்.

ஒன்று எரியும்போது இன்னொன்றை அடக்குகிற இன்ஹிபிட் விதியும் போடுவீர்கள். "ஈக்வல்" என்று எந்த லேபிளைச் சொல்கிறீர்களோ அது இரண்டு அலர்ட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலுமே இல்லை என்றால் சமம் என்றே எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாததையும் அடக்கிவிடும்.

கருவி பற்றி. ஆப்ஸ்ஜீனியை அட்லாசியன் 2025 ஜூனோடு புதியவர்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டது, 2027 ஏப்ரலில் மூடுகிறார்கள். இப்போது அதில் நுழையாதீர்கள். கிராஃபானா ஆன்காலின் ஓப்பன் சோர்ஸ் பதிப்பும் 2025 மார்ச்சிலிருந்து பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது. அதனால்தான் யாருக்கு என்ன என்ற அறிவு விதியிலும் கிட்டிலும் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். கருவியின் திரையில் கிளிக் செய்து கட்டிய ரவுட்டிங் அந்தக் கருவியோடு போய்விடும். லேபிள் உங்களோடு இருக்கும். கருவிக்கு ஷெட்யூலும் போன் அடிப்பதும் மட்டும் வேலையாக இருக்கட்டும்.


மேலூர்க்காரன் | புதன், இரவு 10.30

இன்னொன்று. அலர்ட்மேனேஜரே செத்துப்போனால் யார் சொல்வது? எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கிற ஒரு அலர்ட்டை எழுதி, அதை உங்கள் கிளஸ்டருக்கு வெளியே இருக்கிற ஒரு சேவைக்கு அனுப்புங்கள். அது வருவது நின்றால் அந்தச் சேவை போன் அடிக்கட்டும். எல்லாச் சேனலும் அமைதியாக இருக்கிற ராத்திரியைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

நாகமலை அண்ணன் சொன்னபடி எங்கள் பக்கமும் கனெக்ஷன் பூல் அலர்ட்டை சர்வீஸ் டீம்களுக்குத் தள்ளச் சொல்லி இன்று பேசினேன். ஆர்டர் டீம் ஒத்துக்கொண்டது. ரன்புக்கை நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னபிறகுதான்.


இலந்தைக்குளம் | வியாழன், காலை 9.20

எல்லாருக்கும் நன்றி. பேமெண்ட் கிளையை நேற்று ராத்திரியே பிரித்துவிட்டோம், ஆம்டூல் சோதனை சிஐயில் ஓடுகிறது. மூல ரூட்டில் எங்கள் பிளாட்ஃபார்ம் லீட் பெயர். வாராந்தரக் கூட்டத்துக்கு அவரே நேரம் குறித்துவிட்டார். ஆன்கால் மாறுகிற நாள் எது என்பதில் மட்டும் டீமில் இழுபறி. திங்கள் வேண்டும் என்று சிலர், வெள்ளி என்று சிலர்.


தெப்பக்குளம் | வியாழன், காலை 9.45

செவ்வாய் காலை வையுங்கள். திங்களும் வெள்ளியும் விடுமுறையோடு ஒட்டிக்கொள்ளும், ஒப்படைக்கிற ஆள் ஊருக்குக் கிளம்பியிருப்பார். இரண்டு பேரும் பதினைந்து நிமிடம் நேரில் உட்கார்ந்து, போன வாரம் அடித்த போன் ஒவ்வொன்றையும் பார்த்து, தேவையில்லாமல் அடித்ததை அங்கேயே திருத்திவிட்டு எழுந்திருக்கட்டும். ராத்திரி எழுந்தவருக்கு மறுநாள் காலை லேட்டாக வர அனுமதியும் ரோட்டாவிலேயே எழுதி வையுங்கள், ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குகிற மாதிரி விடாதீர்கள்.